பேக்கரி மாடி இ-சேவை கடை: ஸ்டூல் ஒன்றுதான், ஆனாலும் ஐந்து ஸ்டார்

திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்தக் கடை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல். மே மாதக் கூட்டத்தில் அதுவும் கிடைக்காது. தங்கை பிளஸ் டூ முடித்ததும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் வேலையாகப் போனோம்.

அதற்கு முன்னால் வேறொரு கடையில் நன்றாகப் பட்டோம். 60 ரூபாய் சான்றிதழுக்கு 300 வாங்கினார்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு. அதைப் பார்க்காமலே ஏற்றிவிட்டார்கள். ஓடிபி போனதோ, ரீசார்ஜ் போடாமல் செத்துக் கிடந்த அப்பாவின் பழைய நம்பருக்கு. மனு திரும்பி வந்துவிட்டது. எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று நாள் அலைந்ததில் மூன்று ஷிப்ட் சம்பளம் போச்சு.

இந்த மாடிக் கடை அக்கா கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "உங்க வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா கண்ணு?" இல்லை என்றதும், வீட்டில் முதன்முதலாக டிகிரி படிக்கிறவர்களுக்குக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரி சான்றிதழுக்குப் போடச் சொன்னார். தங்கை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும் என்றார். இன்ஜினியரிங்குக்கு அது 2021-லேயே வந்துவிட்டதாம். எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "பேங்க் கணக்குல ஆதார் சேர்த்தாச்சா? இல்லேன்னா அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு மாசாமாசம் வர்ற புதுமைப் பெண் 1000 ரூபா ஏறாது. மொதல்ல அதை முடிச்சுட்டு வாங்க."

முதல் பட்டதாரி மனுவில் வீட்டில் யார் யார் எதுவரை படித்தார்கள் என்று காட்ட வேண்டும். தாத்தா பள்ளிக்கூடமே போகாதவர். அப்பா ஐந்தாவது. அடுத்து என் டிசியைக் கேட்டார். நான் 2014-ல் பத்தாவது, 500-க்கு 431. நான் டிகிரி படிக்காததுதான் தங்கைக்குத் தகுதி. மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், மடிப்பில் கிழிந்திருந்தது. ஸ்கேனரில் வைப்பதற்கு முன் அதை மேசையில் போட்டு உள்ளங்கையால் நீவி நீவி விட்டார். ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்கவில்லை.

முதல் பட்டதாரி சலுகை 2010-லிருந்தே இருக்கிறதாம். அப்போது எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அப்பாவின் கடனுக்கு என் சம்பளம்தான் வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

சரி, கடைக்கு வருவோம். ரசீதில் இருந்த 60 ரூபாய்தான் வாங்கினார், ஜெராக்ஸ் தனி. ஆறு நாளில் சான்றிதழ் வந்துவிட்டது. மதியம் 2 முதல் 3 வரை பூட்டியிருக்கும். போகிறவர்கள் எல்லா அசலையும், ஓடிபி வருகிற போனையும் எடுத்துப் போங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும், அங்கே இருக்கும் ஒரே பிளக்கில் டேபிள் ஃபேன் ஓடுகிறது.