அப்பாவின் புரோஸ்டேட் ஆபரேஷன்: தையலைப் பற்றியும் கேளுங்கள்

இந்த முறை ஊருக்குப் போனது அப்பாவின் புரோஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்காக. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது "ரோபோ இருக்கிறதா?" என்றுதான். இருந்தால் நல்லது, சரி. ஆனால் உள்ளே எப்படித் தைப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

புரோஸ்டேட்டை எடுத்ததும் சிறுநீர்ப்பைக்கும் சிறுநீர் வெளியேறும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். அந்த இரண்டு வாயையும் சேர்த்துத் தைக்க வேண்டும். சர்ஜன் ஒரு தாளில் வட்டம் போட்டு அப்பாவிடம் காட்டினார்: "ஐயா, இதைக் கடிகாரம்னு வச்சுக்குங்க. அடியில ஆறு மணியில தொடங்கி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நூலா மேல பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும்." இரண்டு நூலின் வாலையும் முன்கூட்டியே ஒன்றாக முடிந்துவைத்துக்கொள்கிறார்கள். எது எந்தப் பக்கம் என்று குழம்பாமலிருக்க நிறமும் வேறு வேறு. வான் வெல்தோவன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட முறை இது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் நீளக் கருவியை வைத்துக்கொண்டு உடம்புக்குள் முடிச்சுப் போடுவதுதான் பெரும்பாடு. இதில் கடைசியில் ஒரே முடிச்சோடு வேலை முடிகிறது.

முள் வைத்த நூலும் உண்டு. சதையைப் பற்றிக்கொண்டு தளராமல் நிற்பதால் அதற்கு முடிச்சே தேவையில்லை. ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால் ரத்த ஓட்டம் குறைந்து, இணைப்பு ஆறுவது கெட்டுவிடும். இந்த இணைப்பைத் தைப்பதற்கு முன்பாகப் பின்பக்கத் திசுவைச் சேர்த்து ஒரு தையல் போடுவதும் வழக்கம். ராக்கோ தையல் என்பார்கள். இணைப்பில் விழும் இழுவை குறையும், சிறுநீர்க் கட்டுப்பாடு சீக்கிரம் திரும்பவும் உதவலாம். மாதங்கள் போனபின் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதையும் சர்ஜன் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. தைத்து முடித்ததும் கதீட்டர் (சிறுநீர் வடிய சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாய்) வழியாக உப்புநீரை ஏற்றி, கசிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்களாம்.

டிஸ்சார்ஜ் அன்றுதான் கோபம் வந்தது. பில்லுக்கு அத்தனை தாள் கொடுத்தவர்கள், கதீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரும்பாலும் ஒரு வாரம் போல அது உள்ளேயே இருக்கும். தையல் ஆறும்வரை அதுதான் காவல். அது தவறிக் கழன்றுவிட்டால் பக்கத்துக் கிளினிக்கில் திரும்பப் போடச் சொல்லக் கூடாது. கண்ணால் பார்க்காமல் குத்தினால் புதுத் தையல் கிழியலாம். நேராக ஆபரேஷன் செய்த டீமைத்தான் கூப்பிட வேண்டும். இதையும் சர்ஜனைத் தேடிப்போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ராத்திரியில் யாரை அழைப்பது என்ற நம்பரை எழுதி வாங்காமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.