ஷீட் கூரை அறை: பழைய சீலிங்கைக் கழற்றியதும் மேலே எதை வைப்பது?

வட சென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீட்டைப் பெரிதாக்குவது என்றால் பெரும்பாலும் மொட்டை மாடியில் ஓர் அறைதான். செங்கல் சுவர், மேலே தகர ஷீட்டோ கல்நார் ஷீட்டோ. கொஞ்ச வருடத்தில் அடியில் போட்ட சீலிங் தொய்ந்துவிடும். மாற்றப் போனால், அனலைத் தடுக்க என்று சீலிங்காரர் முதலில் கேட்பது: "மேல தெர்மாகோல் வெச்சிடலாமா சார்?"

உடனே தலையாட்ட வேண்டாம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரியில் கக்கும். ஷீட் அப்படியில்லை, மத்தியானம் கொதிக்கும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். அந்த அனல் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே சீலிங்கின்மேல் இறங்குகிறது. அதனால் தடிமனை மட்டும் பார்த்து வாங்கினால் பாதிக் காசு வீண்.

தெர்மாகோல் மலிவு, லேசு, ஈரத்துக்கும் அவ்வளவாக அசையாது. வெப்பத்தைத் தடுப்பதில் ராக்வூலுக்கு (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) ஏறக்குறையச் சமம். ஆனால் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் ஷீட்டை ஒட்டி வைத்தால் அந்த எல்லை ரொம்பத் தூரமில்லை. எலி குடையும். பிவிசி ஒயர் அதன்மேல் ஒட்டிக் கிடந்தால் உறையின் நெகிழ்வு போய் நாளடைவில் விரிசல் விடும். அங்கே ஒரு பொறி பட்டால் தெர்மாகோல் உருகிச் சொட்டியபடி எரியும். ஒயரெல்லாம் சீலிங்குக்கு மேலே ஓடும் நம் வீடுகளுக்கு இது எனக்குச் சரிப்படாது.

ராக்வூல் எரியாது, மழைச் சத்தத்தையும் அடக்கும். கண்ணாடி இழைப் பஞ்சான கிளாஸ்வூலும் எரியாது, விலை குறைவு. ஆனால் நனைந்தால் சீக்கிரம் தொய்ந்துவிடும். ஈரம் ஏறினால் இரண்டுமே வெப்பத்தைத் தடுக்காது. உப்புக் காற்றில் ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட் துருப்பிடித்து, வாஷர் கிழிந்து, ஐப்பசி மழையில் சொட்டுவது இங்கே சகஜம். அதை அடைக்காமல் பஞ்சு விரிப்பது தண்டம்.

அலுமினிய பபுள் ஷீட்டை (காற்றுக் குமிழி பிளாஸ்டிக்கில் அலுமினியத் தாள் ஒட்டியது) தனியாக வாங்கிப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பளபளப்பான முகத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். பளபளப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மங்கிவிடும்.

பஃப் பேனல், அதாவது இரண்டு தகரத்துக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை அடைத்த பலகை, திறமைசாலி. 50 மில்லிமீட்டர் ராக்வூல் செய்வதை 30 மில்லிமீட்டரிலேயே செய்யும். ஆனால் அதுவே கூரை. ஷீட்டையே மாற்றுகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும். 2016 டிசம்பர் வர்தா புயலில் ஷீட்டுகள் பறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேனல் போட்டாலும் இரும்புச் சட்டத்தோடு இறுக்கமான பிடிப்பு வேண்டும். தீப்பிடித்தால் நச்சுப் புகை வரும். தீத்தடுப்பு ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஷீட் அப்படியே இருக்கப்போகிறதென்றால் என் ஓட்டு: ஷீட்டுக்கு வெளியே வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட், அடியில் பபுள் ஷீட், அதற்குக் கீழே இடைவெளி விட்டு ஜிப்சம் போர்டின்மேல் 50 மில்லிமீட்டர் ராக்வூல். கையில் காசு குறைவா, வாடகை வீடா? பெயின்ட் மட்டும் போதும். அதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும்.

கல்நார் ஷீட்டாக இருந்தால் சீலிங் கம்பிக்காக அதில் ஓட்டை போட விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சீலிங்கைத் தாங்கும் சேனலைச் சுவரிலிருந்தோ இரும்புச் சட்டத்திலிருந்தோ தொங்கவிடச் சொல்லுங்கள்.