காக்கிப் போத்தலும் கச்சான் காற்றும்

1/35 அளவுப் பிரித்தானியச் சிப்பாய்ப் பொம்மைக்கு அடிக்க எந்தக் காக்கிப் பெயின்ற் வாங்கலாம் என்று கல்முனை நண்பர் ஒருவர் கேட்டார். ‘இங்கிலிஷ் யூனிஃபோம்’ என்று பெயர் ஒட்டிய வலேஹோ அக்ரிலிக் பெயின்ற் சொட்டுப்போத்தல் என்று சொல்லியாயிற்று. அதன் மினுக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் அவர்.

நிறத்தில் பெரிய குறையில்லை. 1937 மாதிரிச் சண்டைச் சீருடையின் கம்பளிச் சேர்ஜுக்குக் கிட்டவே வரும். கொஞ்சம் மண்ணிறம் கூட. ஆறு சொட்டுக்கு ‘ரஷ்யன் யூனிஃபோம்’ என்ற பச்சையில் ஒரு சொட்டு விட்டால் அந்தத் துணியின் பச்சைச் சாயல் வந்துவிடும். மடிப்பின் மேடுகளை வெளிறச் செய்ய ‘பஃப்’ என்ற வெளிர் மண்ணிறத்தைச் சேர்க்க வேண்டும். வெள்ளையைக் கலந்தால் காக்கி செத்துப்போய்ச் சுண்ணாம்பு பூசியமாதிரி ஆகும். 1/72 பொம்மைக்கு இன்னும் வெளிறவிட வேண்டும். சின்ன உருவத்தில் அதே நிறம் இருட்டாகத் தெரியும்.

பிரச்சினை மினுக்கம். கம்பளி உடுப்பு ரெக்சின் மாதிரி மினுங்கினால் மிச்ச வேலை எல்லாம் வீண். பளபளப்பைக் கொல்லும் தூள் போத்தலின் அடியில் படிந்து கிடக்கும். மேலே நிற்கும் பசை மட்டும் வெளியே வரும். முதல் சொட்டு ஓரத்தில் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் அதைத் தூரிகையில் தொடவே கூடாது. முதல்நாள் இரவே போத்தலைத் தலைகீழாக வைத்து, காலையில் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். உள்ளே 5 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் குண்டு இரண்டு போடலாம். சைக்கிள் பெயரிங் குண்டு வேண்டாம், கறள் பிடித்துக் காக்கியையே மாற்றிவிடும்.

மினுங்கிய பிறகு மினுக்கத்தை அடக்கும் மட் வார்னிஷ் அடிக்கலாம்தான். ஆனால் மட்டக்களப்பில் மார்கழி மழைக்குள் ஸ்பிறே அடித்தால் ஈரம் பிடித்துச் சாம்பல் படிந்ததுபோல வெளுக்கும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் மட் வார்னிஷே உத்தமம்.

கச்சான் காற்றுக் காலத்தில் கதை மாறும். பொம்மையின் முகத்துக்குக் கொண்டுபோகும் முன்பே தூரிகை நுனியில் பெயின்ற் காய்ந்துவிடும், போத்தல் வாயும் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அமத்தக் கூடாது. மூக்குக் கழன்று மேசையெல்லாம் காக்கி. மூக்கைக் கழற்றி ஊசியால் குத்திக் கழுவுங்கள். மூடும் சாப்பாட்டுப் பெட்டியில் நனைத்த ரிஷ்யூவை நாலாக மடித்து, மேலே பேக்கிங் தாள் விரித்தால் பெயின்ற் காயாமல் வைத்திருக்கும் ஈரத் தட்டு தயார். மூன்றாம் நாள் மணக்கத் தொடங்கும், தண்ணீரை மாற்ற வேண்டும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டாடர் பத்துச் சொட்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கூடினால் ஒட்டிக்கொண்டே கிடந்து, அடுத்த பூச்சோடு கிளம்பி வரும்.

இன்னொன்று: 1942இல் இலங்கையில் நின்ற பிரித்தானியத் தரைப்படைக்காரனுக்கு இந்தப் போத்தலே பிழை. இந்த வெயிலில் யார் சேர்ஜ் போடுவான்? அவனுக்குப் பருத்திக் காக்கி ட்ரில். ‘பஃப்’ நாலு சொட்டுக்குக் காக்கி ஒரு சொட்டு, தோளிலும் முதுகிலும் இன்னும் வெளிறலாக. அந்த வருடம் ஏப்ரல் 9இல் நம் கடலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸின் கப்பல்காரரைச் செய்ய நினைப்பவர்களுக்குக் காக்கியே தேவைப்படாது. வெப்பமண்டல வெள்ளைக் காற்சட்டையும் சேட்டும் போதும். அதற்கும் தனி வெள்ளை அடிக்க வேண்டாம். வெளிர் சாம்பலில் தொடங்கி, மேடுகளில் மட்டும் வெள்ளை.

ஜேர்மன் சீருடையின் சாம்பல்பச்சையான ஃபீல்ட் கிரேக்கு ஒரே சரியான நிறம் என்று எவராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். போர் முடியும் தறுவாயில் துணியே மண்ணிறமாகிவிட்டது.

இவ்வளவு திட்டியும் மேசையில் நிற்பது நாலாவது ‘இங்கிலிஷ் யூனிஃபோம்’. ஐந்தாவதும் அதுவேதான். கல்முனை நண்பருக்கு மட்டும் இப்போது தமியா எக்ஸ்எஃப்-49 காக்கியைச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது: குச்சியால் கலக்கினால் போதும், மினுங்காது. ஆனால் அதில் அல்ககோல் இருக்கிறது. தூரிகையால் இரண்டாம் பூச்சு இழுத்தால் முதல் பூச்சு கரையும், நன்றாகக் காயவிட வேண்டும். சொட்டுப்போத்தல் பெயின்றோடு ஒரே கிண்ணத்தில் அதைச் சேர்த்துவிட்டால் எருமைத் தயிர்தான்.