க்யூட் பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை மையம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கடலூரில் பிளஸ் டூ படிக்கிற தம்பிக்காக, புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கல்வி ஆலோசனை மையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம், இந்த மாதிரி மையங்கள் இரண்டு ஊரிலும் நிறைய இருக்கின்றன. அவனுக்குக் காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வேண்டும், இல்லாவிட்டால் திருவாரூர். இரண்டுமே மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால் க்யூட் (CUET) என்கிற பொது நுழைவுத் தேர்வை எழுதியாக வேண்டும். எந்தெந்தப் பாடம் எழுதுவது என்பதுதான் எங்கள் கேள்வி.

ஆலோசகர் சார் நன்றாகப் பேசுகிறார், டீ கூட வந்தது. ஆனால் தம்பி என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்று கேட்பதற்கு முன்னாலேயே, "எதுக்கும் ஒரு சேஃப்டிக்கு அஞ்சும் போட்டுடுங்க மேடம்" என்று முடித்துவிட்டார். 2025 விதிப்படி மொழி, பொதுத் திறனறித் தேர்வு எல்லாம் சேர்த்து அதிகபட்சம் ஐந்து எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம், எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும், தவறானால் ஒரு மதிப்பெண் கழியும். பொதுப் பிரிவுக்கு மூன்று பாடம் வரை 1000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 400. சேஃப்டி என்று அவர் சொன்னது உண்மையில் அவருடைய கோச்சிங் பேக்கேஜுக்குத்தான், ஏனென்றால் அங்கே பாடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள்.

அவர் செய்திருக்க வேண்டியது இதற்கு நேர் தலைகீழ். முதலில் படிப்பு, அப்புறம் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்ற பட்டியல், கடைசியில்தான் பாடம். ஒரே இயற்பியலுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு கேட்பார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி இயற்பியல் என்றால் இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு ஒரு மொழித் தாளும் வேண்டும். மொழியை விட்டுவிட்டு மற்ற மூன்றிலும் அள்ளினாலும் பயனில்லை. இந்தப் பட்டியல்கள் பல்கலைக்கழகத் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, வீட்டில் உட்கார்ந்து விருப்பமான நான்கைந்து படிப்புகளை எழுதி எல்லாவற்றிலும் பொதுவாக வருகிற பாடங்களைக் கோடு போட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த மையத்தில் அப்படி ஒரு பட்டியலை எங்கள் முன்னால் யாரும் திறக்கவே இல்லை.

இன்னொன்று, மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளைப் பற்றி அவர்களுக்குப் பெரிய அக்கறை இல்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, ஆனால் ஆற்றைத் தாண்டி நம் கடலூர் பக்கம் வந்தால் இன்னும் சமச்சீர்தான். க்யூட் கேள்விகள் சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கிற என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒட்டி வருபவை. ஆகவே ஒரு பாடத்தைக் கூடுதலாக எடுப்பது என்றால் நம் பிள்ளைக்கு இன்னொரு புத்தகத்தையும் முதலிலிருந்து படிப்பது என்று அர்த்தம், அதுவும் பொதுத்தேர்வு முடிந்த கையோடு. தமிழை மொழித் தாளாக எடுக்கலாமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தேர்வில் இருக்கிற 13 மொழிகளில் தமிழும் ஒன்று, சேரப்போகும் படிப்பு ஆங்கிலத் தாளைத்தான் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

கையில் கொடுத்த பிரசுரத்தில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு 'சாட் சப்ஜெக்ட் டெஸ்ட்' பயிற்சியும் உண்டு என்று போட்டிருந்தது. அந்தத் தேர்வை 2021-லேயே நிறுத்திவிட்டார்கள்! பழைய நோட்டீஸ் மிச்சம் போல.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். கவுன்டரில் விண்ணப்பம் போட்டுத் தருகிற அக்கா கெட்டிக்காரர். எங்களிடம் இருந்த தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழைப் பார்த்ததுமே, "இது ஆகாதும்மா, சென்ட்ரல் ஓபிசி சர்டிஃபிகேட் தனியா வாங்கணும், இ-சேவையில இன்னைக்கே போட்டுடுங்க" என்றார். மாநில எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழே போதும் என்று நினைத்துக்கொண்டு பலர் கடைசி வாரத்தில் தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். போட்டோ, கையெழுத்து அளவையெல்லாம் அவரே சரிசெய்து, விண்ணப்பத்தில் சேர்க்கும் முன்னால் ஒவ்வொரு பாடத்தையும் பெயர் சொல்லி வாசித்துக் காட்டினார்.

விண்ணப்பம் போட மட்டும் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம், பாடங்களை வீட்டிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் அந்த அக்காவிடம் நின்று பேச முடியாது.