பவுண்டியா, பராமரிப்பு ஒப்பந்தமா?

வேலையை விட்டு ஓப்பன் சோர்ஸிலேயே (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) சம்பாதிக்கலாம் என்று இறங்கியபோது எனக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று பவுண்டி: ஒரு இஷ்யூவுக்கு, அதாவது மென்பொருளில் பதிவான ஒரு பிழைக்கு, இத்தனை டாலர் என்று அறிவித்திருப்பார்கள், சரிசெய்தவருக்குப் பணம். இன்னொன்று, ஒரே மென்பொருளில் ஊன்றி நின்று, அதைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு மாதக் கட்டணத்தில் பராமரிப்பு செய்து தருவது. முதலாவதில் ஏழு மாதம் இருந்தேன். இப்போது இரண்டாவதில் இருக்கிறேன், திரும்புவதாக இல்லை.

பவுண்டியில் நேர்முகத் தேர்வு கிடையாது, எந்தக் கல்லூரி என்று கேட்க மாட்டார்கள். அதெல்லாம் சரி. ஆனால் மெர்ஜ் ஆனால்தான், அதாவது நம் திருத்தத்தை மூல நிரலில் சேர்த்துக்கொண்டால்தான் காசு. ஒரு நிரலில் உலகப் பொது நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முழு மணியாகவே கணக்கிட்டிருந்தார்கள். நமக்கோ ஐந்தரை மணி. அதனால் இரவு 12 முதல் 12:30 வரை பதிவானதெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்தது. கண்டுபிடிக்க மூன்று நாள், திருத்தம் எட்டு வரி. அதே இஷ்யூவில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். 19 நாள் கழித்து வேறொருவருடையதை ஏற்றுக்கொண்டார்கள். அவர் எழுதிய டெஸ்ட் (திருத்தம் சரியா என்று சோதிக்கும் நிரல்) என்னுடையதைவிட முழுமை, குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மூன்று நாளுக்கு எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இந்தக் கூலியில்லாத நேரம்தான். ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பார்த்தேன்: உழைத்தது 140 மணி, பணம் வந்தது 52 மணிக்கு. பெங்களூரு அல்சூரில் வீட்டு வாடகை ஐந்தாம் தேதி. திருத்தத்தைப் பார்த்து ஏற்கும் மெயின்டெயினருக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல முடியுமா?

பராமரிப்பில் மணிக்கணக்கு முன்பே பேசிவிடுகிறோம். புதிய பதிப்புக்கு மாற முடியாத நிறுவனம், பாதுகாப்புத் திருத்தத்தைத் தன் பழைய பதிப்புக்குப் பொருத்தித் தரச் சொல்கிறது. மாதம் 12 மணி நேரம். வேலை குறைந்த மாதத்திலும் தொகை வரும். ஓப்பன் சோர்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் வளர்ந்ததே இப்படிச் சந்தா வாங்கித்தான். ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. ஆனால் முதல் ஒப்பந்தம் கிடைக்கும்வரை கையில் சேமிப்பு வேண்டும். பவுண்டிக் காலத்தில் அனுப்பிய பேட்ச்களை (திருத்தங்களை) பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, பயன்படுத்துபவர்கள் விரும்பி ஆதரவுத் தொகை தரும் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ். அதில் பக்கம் திறந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். புதிதாக வருபவர்களுக்குக் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் வழிகாட்டியோடு வேலை செய்து உதவித்தொகை பெறும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் நல்ல வாசல். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு மென்பொருளை வளர்த்து வைத்திருந்தால் இங்கே பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024இல் தொடங்கிய ஃபிளாஸ் ஃபண்ட் என்ற நிதியுதவியைப் பாருங்கள். ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை.

அப்புறம், வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கியில் பர்ப்பஸ் கோடு (பணம் எதற்காக வருகிறது என்ற குறியீடு) கேட்பார்கள். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. என் முதல் தொகை அதற்காகவே ஆறு நாள் நின்றது. இன்வாய்ஸையும் ஒப்பந்த நகலையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.