புல்தரையில் லாரி ஓடும் என்று சொல்லி 2,85,000 ரூபாயை ஏமாற்றினார்கள்: அடுக்ககச் சங்கத்தினர் கவனத்துக்கு

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தின் பராமரிப்புக் கணக்கிலிருந்து 2,85,000 ரூபாய் போய்விட்டது. அதற்கு ஈடாக எங்களிடம் இப்போது இருப்பவை மதிற்சுவர் ஓரம் முழங்கால் ஆழத்துக்கு விழுந்த இரண்டு சக்கரத்தடங்களும், அவற்றுக்குள் நொறுங்கிக் கிடக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பலகைகளும்தான். புல்தரையில் பலகை பதிக்கும் இதே வேலைக்கு இதே ஆட்களை அழைக்க இன்னொரு சங்கம் யோசித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், கோபம் ஆறும்வரை காத்திராமல் இன்றே எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் போதாது. லாரித் தண்ணீரை நம்பியே வாழ்கிறோம். நிலத்தடித் தொட்டி கட்டடத்தின் பின்புறம் இருப்பதால், 12,000 லிட்டர் லாரி ஒன்று பக்கவாட்டுப் புல்தரை வழியாகத்தான் நாள்தோறும் உள்ளே போய் வர வேண்டும். தண்ணீர் மட்டுமே 12 டன். வண்டியின் எடையையும் சேர்த்தால் 15 டன்னைத் தாண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் என்பதால் அடியில் களிமண். கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் குழைந்துவிடும். அந்த இடத்துக்குக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னபோது, 2015 வெள்ளத்தைப் பார்த்த குடும்பங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மழைநீர் மண்ணில் இறங்க மிச்சமிருக்கும் ஒரே இடத்தையும் மூட வேண்டாம் என்ற அவர்களுடைய வாதம் நியாயமானது. இப்போதும் அதை நான் நியாயம் என்றே சொல்வேன். புல்லும் இருக்க வேண்டும், லாரியும் போக வேண்டும் என்றுதான் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் அறைப் பலகைகளைப் பதித்து அவற்றுக்குள் புல் வளர்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். முறையாகச் செய்தால் அது பலன் தரும் முறைதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் சண்டை அந்த முறையோடு இல்லை.

வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் இணையச் சேவைத் தளம் ஒன்றின் வழியாக அந்த ஒப்பந்ததாரர் வந்தார். பெயரின் அருகே 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற முத்திரை இருந்தது. நேர்த்தியாக அச்சடித்த விலைப்பட்டியலில் 300 மில்லிமீட்டர் ஜல்லி அடித்தளம், அதற்குக் கீழே ஜல்லியும் மண்ணும் கலக்காமல் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, மேலே 50 மில்லிமீட்டர் உயரப் பலகை, மணல் கலந்த வண்டல், கொரியன் புல் என்று வரிசையாக எழுதியிருந்தார். பிறகு சங்க உறுப்பினர்கள் அனைவரும் பார்க்க, ஒரு பலகையை வாசலில் சிமெண்டுத் தரைமேல் வைத்துத் தன் காரை அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை. "சதுர மீட்டருக்கு 150 டன் தாங்கும் சார், உங்க தண்ணி லாரியெல்லாம் இதுக்கு ஒரு பொருட்டே இல்ல" என்றார். எங்கள் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, மழையிலும் தாங்குமா?" என்று கேட்டதற்கு, அவர் கைகூப்பி, "அம்மா, அஞ்சு வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்றார். அந்தக் கும்பிட்ட கையை நம்பித்தான் 2,85,000 ரூபாயில் பெரும்பகுதி முன்பணமாகப் போனது.

அவர் காட்டிய வித்தை எதையும் நிரூபிக்கவில்லை என்பதை அதன்பின் ஒரு கட்டுமானப் பொறியாளர் விளக்கினார். சிமெண்டுத் தரைமேல் வைத்தால் எந்தப் பலகையும் தாங்கும், ஏனெனில் அங்கே எடையைச் சுமப்பது தரை. விளம்பரத்தாளில் இருக்கும் டன் கணக்கும் கெட்டியான, சமதளமான பரப்பின்மேல் வைத்து அழுத்திப் பெறுவதுதான். பலகையின் வேலை சக்கரத்தின் அழுத்தத்தைப் பரப்புவதும், புல்லின் வேர்க்கழுத்து நசுங்காமல் காப்பதும் மட்டுமே. லாரியைச் சுமக்க வேண்டியது அடியில் அடுக்கடுக்காகக் கொட்டி ரோலர் விட்டு இறுக்கிய ஜல்லி. காருக்கு 150 மில்லிமீட்டர் போதுமான இடத்தில், களிமண் மேல் லாரி ஓட 300 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. ஜல்லிக்கும் களிமண்ணுக்கும் நடுவே துணி விரிக்காவிட்டால், ஒவ்வொரு முறை சக்கரம் ஏறும்போதும் ஜல்லி கீழே புதைந்து, சேறு மேலே பிதுங்கும்.

எங்கள் இடத்தில் அப்படித்தான் பிதுங்கியது. வேலை முடிந்த அன்று, "நாளைக்கே லாரி விடலாம் சார்" என்றவர் அந்த ஒப்பந்ததாரர். வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழைக்கு மறுநாள் காலையில் லாரியின் பின்சக்கரங்கள் இறங்கின. ஓட்டுநர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், அடியில ஒண்ணுமே போடல" என்றார். தோண்டிப் பார்த்தோம். இரண்டு அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் கலந்த கட்டட இடிபாடு, அதன்மேல் கொஞ்சம் எம்-சாண்ட், அவ்வளவுதான். துணி இல்லை, ஜல்லி இல்லை. அறைகளுக்குள் நிரப்பியிருந்தது வண்டல் அல்ல, இறுகினால் கல்லாகிவிடும் செம்மண். புல்லையும் அறைக்குள் நடாமல் பாய் போலப் பலகையின் மேலேயே விரித்திருந்தார்கள். டயர் ஏறிய முதல் வாரத்திலேயே அது வேரோடு பெயர்ந்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்லும்போதுதான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முதலில், "மழைக்கு மண் கொஞ்சம் செட்டில் ஆகும் சார், ஒரு மாசம் பாருங்க" என்றார் ஒப்பந்ததாரர். பிறகு, புல் வேர் பிடிப்பதற்கு முன் லாரி விட்டது எங்கள் குற்றம் என்றார். மறுநாளே விடலாம் என்று சொன்னவரும் அவரே என்பதை எடுத்துச் சொன்னபோது அழைப்பைத் துண்டித்தார். அடுத்து அவருடைய எண்ணிலிருந்து வேறொருவர் பேசி, "அந்த சூப்பர்வைசர் இப்ப எங்ககிட்ட இல்ல" என்றார். ஐந்தாண்டு உத்தரவாதத்தைக் கேட்டால், அது பலகைக்கு மட்டும்தானாம், அடித்தளத்துக்கு இல்லையாம். பலகை உடைந்திருக்கிறதே என்றால், அடித்தளம் இறங்கியதால் உடைந்த பலகைக்கு அது பொருந்தாதாம். சேவைத் தளமோ, நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்று ஒரே வாசகத்தை மாற்றி மாற்றி அனுப்பிவிட்டு, எங்களைக் கேட்காமலேயே புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டது. தீர்க்கப்பட்டது எது? 2,85,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. ஓய்வூதியத்தில் பராமரிப்புக் கட்டணம் கட்டும் முதியவர்களின் பணமும் அந்தத் தொகையில் இருக்கிறது. லாரி உள்ளே வர முடியாததால் இப்போது தெருவிலிருந்து நீளக் குழாய் இழுத்துத் தண்ணீர் இறக்குகிறோம். அதற்குத் தனிக் கூலி.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். அவசரத்துக்கு இவற்றை மட்டும் சொல்கிறேன். பலகை மாதிரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடித்தளக் குழியை நீங்களே அளந்து, துணி விரித்த நிலையிலும் ஜல்லியை இறுக்கிய நிலையிலும் படம் எடுத்த பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள். எந்த வண்டி, எத்தனை டன், தினமும் வருமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் அடித்தளத்தையும் சேர்த்து இருக்க வேண்டும். கடைசித் தவணையை ஒரு கனமழை கடக்கும்வரை நிறுத்தி வையுங்கள். வண்டி நாள் முழுவதும் நிற்கும் இடத்திலும், நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும் இடத்திலும் புல் பிழைக்காது. முடியும் என்று சொல்பவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். ஜி.எஸ்.டி. ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரசீது, தோண்டியபோது எடுத்த படங்கள், பொறியாளரின் அறிக்கை ஆகியவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டோம். இழப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதால், ஒப்பந்ததாரர், சேவைத் தளம் ஆகிய இருவர்மீதும் வழக்குத் தொடுக்கச் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த வட்டாரத்தில் காரை ஏற்றிக் காட்டி இதே வேலையை ஒப்புக்கொண்டவர்களிடம் ஏமாந்த வேறு சங்கங்கள் இருந்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.