பைத்தான் டியூட்டர்: காணாமல் போன 7-ஐக் கண்டுபிடித்த கதை

அக்கா மகன் கல்லூரியில் முதல் வருடம், பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. லிஸ்டில், அதாவது எண்களை வரிசையாகக் கட்டங்களில் வைக்கும் பட்டியலில், இரண்டு எண்களை இடம் மாற்றச் சொன்னால் முதல் கட்டத்தில் இரண்டாவதைப் போடுகிறான், அடுத்த வரியில் இரண்டாவதில் முதலாவதைப் போடுகிறான், கடைசியில் இரண்டிலும் ஒரே எண். "சரியாத்தானே மாமா எழுதியிருக்கேன்?" என்கிறான். காபி டம்ளர், டீ டம்ளர், நடுவில் ஒரு காலி டம்ளர் என்று எல்லாரும் சொல்லும் கதையை நானும் சொன்னேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு மறுபடி அதையே எழுதினான்.

அப்புறம்தான் நிரலைப் படிப்படியாக ஓட்டிக்காட்டும் பைத்தான் டியூட்டர் என்ற தளத்தைத் திறந்து கொடுத்தேன். பிலிப் குவோ 2010-ல் தொடங்கியது. இலவசம், பிரவுசர் போதும். நிரலை ஒட்டி ஓடவிட்டால் இடப்பக்கம் எந்த வரி முடிந்தது, அடுத்து எது என்று அம்புக்குறி காட்டும். வலப்பக்கம் லிஸ்ட் கட்டம் கட்டமாக நிற்கும், ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுக்கு மேலே சின்னதாக இண்டெக்ஸ், அதாவது 0-விலிருந்து தொடங்கும் கட்ட எண். ஒரு தட்டுத் தட்டினான், [7, 3] என்பது [3, 3] ஆனது. "7 எங்க போச்சு?" பின்னால் ஒரு படி போனான், திரும்ப முன்னால் வந்தான், அழித்துவிட்டு 7-ஐ முதலில் வேறொரு மாறியில் எடுத்துவைத்தான். நான் வாயே திறக்கவில்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. இதில் ஒரு வரி முழுவதும் ஒரே படி. பைத்தானில் கமா போட்டு ஒரே வரியில் இடம் மாற்றலாம் இல்லையா, = குறிக்கு வலப்பக்க மதிப்புகளை முழுதாக எடுத்துவைத்துக்கொண்டு பிறகு இடப்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் போடும், அந்த நடுக்கட்டம் இங்கே தெரியாது. பெரும்பாலும் தெரிய வேண்டியதும் இல்லை, ஆனால் [2, 0, 1] என்று ஒரு லிஸ்டை வைத்து, 0-வது கட்டத்தில் இருக்கும் எண் எந்தக் கட்டத்தைக் காட்டுகிறதோ அதோடு அதை மாற்று என்று எழுதிப் பாருங்கள். [1, 0, 2] வர வேண்டும். 0-வது கட்டத்தை இடப்பக்கத்தில் முதலில் எழுதியிருந்தால் வருவது [1, 2, 1]. அந்தக் கட்டம் 1 ஆன பிறகுதான் பைத்தான் இரண்டாவது இடத்தைத் தேடுகிறது, அதற்குள் அது 1-வது கட்டத்தைக் காட்டுகிறது, அங்கிருந்த 0 போயே போச்சு. முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால் மாயம் மாதிரி இருக்கும். நான் அந்த வரியை நாலு வரியாக உடைத்து ஓட்டித்தான் அவனுக்குப் புரியவைத்தேன். இரண்டு பக்கமும் வரிசையைத் திருப்பி எழுதினால் ஒரே வரியிலேயே சரியாகிவிடும், அது வேறு விஷயம்.

ஜாவா, சி, சி++, ஜாவாஸ்கிரிப்டும் இதில் ஓடும். 1000 படியோடு நிறுத்திவிடும் என்பதால் பக்கத்துப் பக்கத்து எண்களை இடம் மாற்றி மாற்றி வரிசைப்படுத்தும் பபிள் சார்ட்டை ஐம்பது எண் கொடுத்துப் பார்க்க முடியாது. ஐந்தாறு எண்ணோடு பாருங்கள், பெரிய லிஸ்டை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள்.